நான் எழுந்து போனால் லைன் வரும்

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி கம்ப்யூட்டர் ரூமுக்குள் நுழைந்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் சாமுவேல் சார் நின்றுகொண்டிருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார். ஓட்டப் பந்தயத்தில் டிரில் மாஸ்டர் நிற்பாரே, அப்படி.

"உக்காரும்மா," என்றார்.

உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். டேனரியில் இருந்த கம்ப்யூட்டரிடம் 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று எங்கள் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருக்க, 'இருக்கிறேன்' என்று அங்கிருந்து வரிவரியாகப் பதில் வந்துகொண்டிருந்தது. நல்ல பிள்ளையாகத்தான் வந்தது. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். பதில் நின்றுவிட்டது.

"பாத்தியா?" என்றார் சாமுவேல் சார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவருக்கு வரும் ஒரு நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. "நீ எழுந்து போனா லைன் வருது. வந்து உக்காந்தா போவுது. இது இன்னா வியாதின்னு நீயே சொல்லு பிரிசில்லா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தேன்.

போகிறவள் மேல் ஒரு கண்

விஷயத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும். செல்போன் பெரிய மனிதர்கள் கையில் மட்டும் இருந்த காலம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. சாமுவேல் சார் கமர்ஷியல் மேனேஜர். வேலூரில் நானும் அவரும் ஒரே சர்ச். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து கனத்த குரலில் பாடுவார்.

கம்பெனிக்கு இரண்டு இடங்கள். ஷூ தைக்கிற ஃபேக்டரியும் ஆபீசும் பெங்களூர் ரோட்டின் மேல். தோல் பதனிடுகிற டேனரி பாலாற்றுப் பக்கம். இரண்டுக்கும் நடுவே கம்ப்யூட்டர்களுக்கென்றே தனியாக ஒரு டெலிபோன் லைன், இரண்டு முனையிலும் அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற மோடம். எங்கள் பக்கம் மட்டும் கூடுதலாக ரூட்டர் என்று ஒரு பெட்டி. எந்தத் தகவல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கைகாட்டுவது அதன் வேலை. எந்தக் கலர் தோல் எவ்வளவு தயார் என்று டேனரியிலிருந்து தகவல் வந்தால்தான் கட்டிங் செக்‌ஷனில் அன்றைக்கு வேலை ஓடும். லைன் போனால் கட்டிங் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அந்த ரூட்டருக்குப் புது மென்பொருள் போட வேண்டும் என்று அதை விற்ற கம்பெனிக்காரர்கள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்கு மட்டம் போட்டுவிட்டு, நானே வந்து போட்டேன். போட்டு முடித்ததும் டேனரிக்குப் போன் செய்து, அங்கே டியூட்டியில் இருந்த மெயின்டனன்ஸ் மேஸ்திரியிடம் மோடத்தின் ஒயர்களை ஒருமுறை கழற்றி, துடைத்து, மாட்டச் சொன்னேன். எல்லாம் வேலை செய்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையிலிருந்து லைன் விட்டுவிட்டு வந்தது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டுப் போவதாக நான் எழுதிக் கொடுத்திருந்தேன். சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சேருகிற அன்று ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் காட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. என் சர்டிபிகேட்டுகள் எல்லாம், பத்தாம் வகுப்பிலிருந்து எம்.சி.ஏ. வரை, சாமுவேல் சாரின் இரும்பு பீரோவில் இருந்தன. சேரும்போது வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் கம்பெனி வழக்கம். 'பத்திரமா இருக்கும்மா' என்று சொல்லித்தான் வாங்குவார்கள்.

போகப் போகிறவள் ரூட்டரில் கை வைத்தாள், மறுநாளே லைன் படுத்துவிட்டது. சாமுவேல் சார் மனதில் என்ன கணக்கு ஓடியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"லைன் சரியாவட்டும். அதுக்கப்புறம் சர்டிபிகேட் பத்திப் பேசலாம்," என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

தோலை நம்பாத ஊர்

அவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தொழிலே அப்படி. டேனரியில் தரம் பிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு தோலை விரிப்பார்கள். கட்டை விரலால் அழுத்துவார்கள். மடித்துப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். உண்ணி கடித்த இடம், முள் கிழித்த கீறல், கத்தி இறங்கிய வெட்டு என்று ஏதாவது ஒன்று இருந்தே தீரும் என்ற முடிவோடுதான் தோலையே கையில் எடுப்பார்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் முகம் வாடிவிடும்.

நாளெல்லாம் தோலைப் பார்க்கிற கண் மனிதரையும் அப்படித்தானே பார்க்கும்.

போதாக்குறைக்கு, நான் சேருவதற்கு முன்னால், ஷூவுக்கு மாதிரி வெட்டித் தருகிற ஒரு பேட்டர்ன் மாஸ்டர் எதிர்த்த கம்பெனிக்குப் போனாராம். போன ஒரு மாதத்தில் எங்கள் கம்பெனி ஷூ மாதிரியே அங்கேயும் ஒரு ஷூ வந்ததாம். அட்டையில் வெட்டிய பேட்டர்ன்களை டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்துக் கடத்தினார் என்று ஒரு கதை. அதிலிருந்து கேட்டில் டிபன் கேரியரைத் திறந்து காட்டாமல் யாரும் வெளியே போக முடியாது. மீந்துபோன புளிக்குழம்பைக்கூட வாட்ச்மேன் எட்டிப் பார்ப்பார். சர்டிபிகேட்டை வாங்கி வைப்பதும் அந்தக் கதைக்குப் பிறகு வந்த ஏற்பாடுதான்.

கம்ப்யூட்டர் ரூமுக்குத் தனிச் சட்டம் ஒன்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தொண்ணூறுகளில் முதல் கம்ப்யூட்டரை ஏ.சி. ரூமில் வைத்த நாளிலிருந்தே அப்படி. நாள் முழுக்க ஊருக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற கம்பெனியில் நாங்கள் நாலு பேர் வெறுங்காலோடு சில்லென்ற தரையில் உட்கார்ந்திருப்போம். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரர் வாசலில் சாக்ஸோடு நின்று, "இங்கே யாருக்கும் உங்கள் ஷூ மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டது எங்கள் ரூமில் வெகுநாள் ஓடிய சிரிப்பு.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் தூசி மட்டும் இல்லை. டேனரிக் காற்றைக் கண்டு எல்லோருக்கும் பயம். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கிற யார்டிலிருந்து வருகிற காற்று பட்டால் வெள்ளிக் கொலுசு கறுக்கும். பித்தளைப் பூட்டு கறுக்கும். செம்புக் கம்பி நுனி கரி பூசினது போல ஆகும். நான் மாதம் ஒருமுறை டேனரிக்குப் போய்வந்தால் மூக்குத்தியைப் பல்பொடி போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை

சந்தேகம் எனக்குப் புதிது அல்ல. அம்மா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பால்காரர் ஊற்றிய பாலை முகர்ந்து பார்க்காமல் உள்ளே கொண்டுபோக மாட்டார். 'காய்ச்சல் இல்லைம்மா' என்று நான் சொன்னால், "அதைத் தெர்மாமீட்டர் சொல்லட்டும்" என்பார். நோயாளி சொல்வதைக் கேட்டுக்கொள், ஆனால் நம்பாதே என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்த வளர்ப்பில் வந்தவள் நான். சாமுவேல் சார் என்னைச் சந்தேகப்பட்டால், நான் உலகத்தையே சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

முதலில் புது மென்பொருள். அதை எடுத்துவிட்டுப் பழையதையே திரும்பப் போட்டேன். லைன் அப்படியேதான் போய்ப் போய் வந்தது. பிரச்சினை தீராதது மட்டும் இல்லை, எனக்கு வினையாகவும் முடிந்தது. "பழசைப் போட்டும் சரியாவலைன்னா வேற இன்னாவோ பண்ணியிருக்கேன்னுதானே அர்த்தம்?" என்று சாமுவேல் சார் கேட்டார்.

அடுத்து, விற்ற கம்பெனிக்காரர். சென்னையிலிருந்து போனில் பேசிய இன்ஜினியர், "எங்க ரூட்டர்ல தப்பே இருக்காது மேடம், லைனைப் பாருங்க" என்றார். இவ்வளவு சீக்கிரம் தப்பே இருக்காது என்று சொல்கிறாரே என்று அவர்மேல் ஒரு சந்தேகம். டெலிபோன் லைன்மேன் வந்து டேனரிச் சுவரில் இருந்த பெட்டி வரை சோதித்து, "லைன் கிளியரா இருக்கு" என்றார். அவர்மேலும் ஒன்று வைத்தேன். எங்கள் பக்க மோடத்தை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், ரூட்டர் எழுதி வைத்திருந்த குறிப்புகளை எல்லாம் படித்தேன். 'டேனரிப் பக்கம் போச்சு', 'டேனரிப் பக்கம் வந்துச்சு' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஏன் போனது என்று அது ஏன் சொல்லப் போகிறது?

டேனரிக்கே போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனோம். கம்பெனி வேன் சாப்பாட்டு வேளையில்தான் சும்மா நிற்கும், அதனால் அப்போதுதான் போவோம். நான் இனி எந்தப் பெட்டியையும் தனியாகத் தொடக் கூடாது என்று சாமுவேல் சார் சொல்லிவிட்டதால் என் அசிஸ்டென்ட் விஜயகுமார்தான் போவான். போகும்போதெல்லாம் லைன் ஜம்மென்று வேலை செய்யும். "அங்க ஒண்ணுமே இல்ல மேடம், சூப்பரா இருக்கு," என்று வந்து சொல்வான். மேஸ்திரியிடம் கேட்டால், "நீங்க சொன்ன மாதிரிதானே மேடம் மாட்டுனேன்," என்று பதில் வரும்.

விஜயகுமார் மூடிய ஜன்னல்

விஜயகுமார் குடியாத்தத்துக்காரன். வீட்டில் தறி ஓடுகிறது. கெட்டிக்காரன். நான் போனால் என் நாற்காலி அவனுக்குத்தான். ரூட்டரின் பாஸ்வேர்ட் என்னைத் தவிர அவனுக்கு மட்டும்தான் தெரியும். போதாதா எனக்கு?

அதிலும் நான் பக்கத்தில் போனால் அவன் திரையில் எதையோ சட்டென்று மூடுவான். தினமும் மூடினான். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. என்னைப் போகவிடாமல் செய்வதில் இவனுக்கு என்ன லாபம் என்று யோசித்தேன். லாபம் இல்லை, நான் போனால்தானே அவனுக்கு நல்லது. ஆனால் நான் திருட்டுப் பட்டத்தோடு போனால் இன்னும் நல்லதோ என்னவோ. அப்படியெல்லாம் புத்தி போயிற்று.

ஒரு நாள் அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மூடி வைத்திருந்ததைத் திறந்தேன். திரை முழுக்க லுங்கி.

கட்டம் போட்டது, கோடு போட்டது, பச்சை, ஊதா. சிங்கப்பூரில் கடை வைத்திருக்கிற யாரோ ஒரு உறவினருக்கு, வீட்டில் நெய்த லுங்கிகளை ஆபீஸ் ஸ்கேனரில் வைத்துப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான் மகராசன். வாசலில் டீ டம்ளரோடு நின்றவன் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், சார்கிட்ட சொல்லிடாதீங்க மேடம். பெரிய பேஜாராய்டும்."

"லைனுக்கும் உனக்கும் சம்பந்தம் இல்லையே?"

"ஐயோ, லைன் போனா எனக்குத்தான் மேடம் ஜாஸ்தி கஷ்டம். கட்டிங்ல இருந்து ஆளுங்க வந்து உக்காந்துக்கறாங்க. ஒரு படம்கூட அனுப்ப முடியலை."

அதை நம்பினேன். அந்த வாரத்தில் நான் நம்பிய முதல் வார்த்தை அதுதான்.

நான் இல்லாத நாள்

சென்னைக் கம்பெனியில் மெடிக்கல் செக்கப்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் லீவு போட்டுப் போய் வந்தேன். அடுத்த நாள் காட்பாடியில் ஜோலார்பேட்டை பாசஞ்சரைப் பிடித்து, நின்றுகொண்டே வந்து, வேர்க்க விறுவிறுக்க ஆபீசுக்குள் நுழைந்தால் சாமுவேல் சார் ரூமிலிருந்து ஆள் வந்துவிட்டது.

"நேத்து காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் லைன் ஒரு தடவைகூடப் போவலை," என்றார்.

பையைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"நீ வரலை. லைன் போவலை. இன்னைக்கு நீ வந்துட்டே." போனை என் பக்கம் தள்ளினார். "டேனரிக்குப் போட்டுக் கேளு. இந்நேரம் போயிருக்கும்."

போய்த்தான் இருந்தது.

"பிரிசில்லா, உங்க அம்மாவை எனக்கு எத்தனை வருசமாத் தெரியும். அந்த முகத்துக்காகச் சொல்றேன். உள்ள இன்னா வெச்சிருக்கியோ, அதை எடுத்துடு. யாருக்கும் தெரிய வேணாம். சர்டிபிகேட்டை வாங்கிக்கினு போய்ச்சேரு. இல்லாங்காட்டி நான் எம்.டி.கிட்ட எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்."

அழுகை வந்தது. அழுதால் ஒப்புக்கொண்டேன் என்று ஆகிவிடும் என்பதால் அழவில்லை. வைக்காததை நான் எப்படி எடுக்க முடியும்? மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

என் இடத்துக்கு வந்து வெறுங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆத்திரம் கொஞ்சம் அடங்கிய பிறகு ஒன்று தோன்றியது. காலையில் வேலை தொடங்கும்போது லைன் போகிறது. சாப்பாட்டு வேளையில் வருகிறது. வேலை முடிந்ததும் வருகிறது. இதெல்லாம் என் நேரம் மட்டும் இல்லையே. கம்பெனியில் இருக்கிற அத்தனை பேருடைய நேரமும் இதுதானே. சாமுவேல் சார் கடிகாரத்தை வைத்துப் பார்த்தது என் நாற்காலியை மட்டும். நேற்று நான் இல்லை, சரி. வேறு யார் இல்லை?

"விஜயகுமார், டேனரிக்குப் போன் போடு. நேத்து அங்க யாரெல்லாம் லீவுன்னு கேளு."

"எதுக்கு மேடம்?"

"கேளுப்பா."

லுங்கி விஷயத்துக்குப் பிறகு அவன் என்னிடம் எதற்கும் மறுபேச்சு பேசுவதில்லை. போனில் கேட்டுவிட்டுச் சொன்னான்: "ஷஃபி பாய் மட்டும்தான் வரலையாம் மேடம். தங்கச்சிக்கு நிக்காஹ். அவர் இல்லாததால பஃபிங் மிஷின் ஓடலையாம்."

பஃபிங் மிஷின் என்பது தோலின் மேல்பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவது. பெரிய மிஷின். டேனரி ஆபீசுக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

சுவருக்கு அந்தப் பக்கம்

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறி, மிஷின்கள் ஓடுகிற வேலை நேரத்தில் முதல் தடவையாக டேனரிக்குப் போனேன்.

கேட்டைத் தாண்டும்போதே சத்தம் கேட்டது. ஆபீஸ் ரூமுக்குள் போனால் மேஜைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளர் கிணுகிணு என்று ஆடிக்கொண்டிருந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சுவர் நடுங்கியது. அந்தச் சுவரில் அடித்த பலகையில்தான் மோடம். அதன் பச்சை விளக்கு அணைவதும் எரிவதுமாக இருந்தது.

மோடத்தின் பின்னால் கையை விட்டு, டெலிபோன் ஒயர் போய்ச் சேருகிற சின்னப் பிளக்கைத் தொட்டேன். விரல் வழுக்கியது. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். செம்புப் பற்கள் இருக்கிற இடமே தெரியாமல் கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. அதன்மேல் பஃபிங்கில் இருந்து வருகிற தோல் தூள் ஒட்டி, பழுப்பு மாவு மாதிரி திரண்டிருந்தது. முகர்ந்தேன். கிரீஸ்.

பற்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிரீஸில் மிதந்துகொண்டிருந்தன. சுவர் ஆடினால் விலகும். சுவர் நின்றால் சேரும். இவ்வளவுதான் சங்கதி.

எனக்கு முதலில் வந்த எண்ணம், யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்பதுதான். மெயின்டனன்ஸ் மேஸ்திரி ஏழுமலையைக் கூப்பிட்டேன். காக்கிச் சட்டை, இடுப்பில் ஸ்பேனர், கையெல்லாம் கறுப்பு.

"மேஸ்திரி, இதுல கிரீஸ் போட்டது யாரு?"

"நான்தான் மேடம்," என்றார், 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டால் 'ஆச்சு' என்பது போல.

"எதுக்குப் போட்டீங்க?"

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, கழட்டித் தொடச்சி மாட்டுங்கன்னு?"

"தொடைக்கத்தானே சொன்னேன்? கிரீஸ் போடச் சொல்லலியே?"

என்னை விநோதமாகப் பார்த்தார். "அது இன்னா மேடம் சொல்றது? இந்த ஷாப்புல செம்பு, பித்தளைன்னு எதைத் தொறந்தாலும் கிரீஸ் வெக்காம மூட மாட்டோம். மோட்டாரு, ஸ்விட்சு, பூட்டு எல்லாத்துக்கும் அதான். வெக்காம உட்டா ஒரே மாசத்துல கறுத்துப்பூடும். உங்க பொருளாச்சேன்னு கொஞ்சம் ஜாஸ்தியாவே வெச்சேன்."

இத்தனை நாளும் 'நீங்க சொன்ன மாதிரிதான் மாட்டுனேன்' என்று அவர் சொன்னதில் பொய்யே இல்லை. மாட்டுவது என்றாலே அவர்களுக்குக் கிரீஸ் வைத்து மாட்டுவதுதான். சோறு போடு என்றால் தட்டு வைப்பதைத் தனியாகச் சொல்வோமா?

துடைக்கக் கை பரபரத்தது. துடைக்கவில்லை. டாக்டர் பார்க்கும்வரை எதையும் கொட்டிக் கழுவக் கூடாது என்று அம்மா சொல்வார். இதைத் துடைத்துவிட்டுப் போய், கிரீஸ் இருந்தது என்று சொன்னால், வைத்தவளே எடுத்துவிட்டாள் என்றுதான் சாமுவேல் சார் நினைப்பார். பிளக்கை அப்படியே, அழுக்கோடு, திரும்ப மாட்டினேன்.

"மேஸ்திரி, இதை யாரும் தொடாம பாத்துக்கங்க. சார் கேட்டா இன்னா சொல்வீங்க?"

"கேட்டா வெச்சேன்னு சொல்லப் போறேன். வெக்காம உட்டாத்தானே மேடம் தப்பு?"

அவர் சொன்னதை அப்போதும் நான் முழுக்க நம்பவில்லை. சாமுவேல் சார் எதிரில் பல்டி அடித்துவிட்டால்? விஜயகுமாரைப் போனில் கூப்பிட்டு, வந்து மோடத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் ஆபீசுக்குத் திரும்பினேன்.

சாமுவேல் சார் சிரித்தார்

"வேலை நேரத்துல வந்து ஒரு தடவை பாருங்க சார். அப்புறம் எம்.டி.கிட்ட எழுதிக் கொடுங்க," என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, உடனே எழுந்து வந்தார்.

டேனரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'இருக்கிறாயா' என்று எங்கள் ஆபீஸைக் கேட்க வைத்தேன். சாமுவேல் சாரை அதன் முன்னால் உட்கார வைத்தேன். நான் எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் பார்க்கிற மாதிரி, வாசல்படியில் நின்றேன்.

"ஷஃபி பாய், நிறுத்துங்க!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

சுவர் அடங்கியது. திரையில் வரிவரியாகப் பதில் வந்தது.

"ஓட்டுங்க!"

டம்ளர் கிணுகிணுத்தது. பதில் நின்றது.

சாமுவேல் சார் அவராகவே, "நிறுத்துப்பா," என்று கத்தினார். வந்தது. "ஓட்டு." போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் அவரே நிறுத்தியும் ஓட்டியும் பார்த்துக்கொண்டிருந்தார். ஷஃபி பாய் மிஷின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா சார், தோல் வேணுமா வேணாமா?" என்று கேட்டார்.

பிறகு விஜயகுமார் பிளக்கைக் கழற்றி சாமுவேல் சார் கையில் கொடுத்தான். புதுப் பிளக் போட்டு மாட்டினான். மிஷின் முழு வேகத்தில் ஓடியது, சுவர் ஆடியது, பதில் வந்துகொண்டே இருந்தது. பின்னால் கட்டியிருந்த கைகளை அப்போதுதான் அவிழ்த்தேன்.

"யாரு இதுல கிரீஸ் வெச்சது?" என்று கேட்டார் சாமுவேல் சார்.

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி முன்னால் வந்தார். "நான்தான் சார். கறுக்கக் கூடாதுன்னு வெச்சேன்."

இப்போது என்ன நடக்கும் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. லைன் போனதால் கட்டிங் செக்‌ஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? எனக்கே எம்.டி. வரைக்கும் போவேன் என்றவர், இந்த மனிதரை என்ன பாடு படுத்தப் போகிறாரோ?

சாமுவேல் சார் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். மேஸ்திரி தோளில் தட்டினார். "யோவ் ஏழுமலை, டெலிபோனுக்கே கிரீஸ் வெச்சிட்டியா நீ! உடு உடு. நல்லதுக்குத்தானே செஞ்சே."

ஷஃபி பாய் சிரித்தார். விஜயகுமார் சிரித்தான். மேஸ்திரியும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார். தப்பைச் செய்தவருக்கு ஒரு நிமிஷத்தில் மன்னிப்பு கிடைத்துவிட்டது. அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, நியாயமாகக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் அத்தனை நாளும் என் விஷயத்தில் அந்தச் சிரிப்பு எங்கே போயிருந்தது? நான் செய்ததும் நல்லதுக்குத்தான் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவருக்குத் தோன்றவில்லையே.

வேனில் திரும்பி வரும்போது அவர் முன் சீட்டில் உட்கார்ந்து, சர்ச்சில் நடக்கப்போகிற அறுப்பின் பண்டிகை ஏற்பாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ஏலத்துக்கு யார் பூசணிக்காய் கொண்டுவருகிறார்கள், யார் கேக் செய்கிறார்கள், அம்மா இந்த வருஷமும் ஊறுகாய் போடுவார்களா. ஆபீஸ் வாசல் வரும்வரை காத்திருந்தேன். 'தப்பா நெனைச்சிட்டேம்மா' என்று ஒரு வார்த்தை. வரவே இல்லை. இன்றைக்கு வரை வரவில்லை.

மாதக் கடைசி நாளில் கூப்பிட்டார். பீரோவைத் திறந்து பழுப்பு உறையை எடுத்து நீட்டினார்.

"இந்தாம்மா. நான்தான் சொன்னேனே, பத்திரமா இருக்கும்னு. போற எடத்துல நல்லா இரு."

உறையை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உறையைப் பிரித்தேன். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பேர், பதிவு எண், முத்திரை, கையெழுத்து எல்லாவற்றையும் பார்த்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். விரலால் ஓரங்களைத் தடவிப் பார்த்தேன். அவர் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"இன்னாம்மா, என் மேல நம்பிக்கை இல்லியா?"

நான் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த தாளை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன்.

"இல்ல சார்," என்றேன்.